டொயோட்டா

டொயோட்டா மோட்டார் நிறுவனம் ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் உள்ள டொயோட்டா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தானுந்து தயாரிப்பு நிறுவனம் ஆகும். இது 1937 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று கீச்சிரோ டொயோடாவால் நிறுவப்பட்டது. 2008 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தை விற்பனையில் முந்தியது. 2020 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும், துணை நிறுவனங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், உலகில் மிகுதியான வண்டிகளை விற்ற குழுமமாக இருந்தது.

தமிழ்நாட்டில் டொயோட்டா என்றவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருவன குவாலிஸ், இன்னோவா ஆகிய வண்டிகள். ஆனால் உடுமலைப்பேட்டையிலிருந்து பல்லடம் வரையுள்ள நெசவு வட்டாரத்தில் இப்பெயருக்கு இன்னொரு பொருளும் உண்டு. அங்குத் தறிக்கூடம் நடத்துவோருக்கு டொயோட்டா என்பது ஏர்ஜெட் தறியின் பெயர். இரண்டும் ஒரே குடும்பத்தின் தொழில்கள். இவற்றுள் மூத்தது தறியே. டொயோட்டாவின் வரலாற்றையும், பழுதில்லாத வண்டி என்று அது பெற்ற பெயரையும், அப்பெயருக்குப் பின்னாளில் நேர்ந்த இழுக்கையும் புரிந்துகொள்ளத் தறியிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

தறிப் பட்டறை

நிறுவனரின் தந்தை சாக்கிச்சி டொயோடா 1867 ஆம் ஆண்டு பிறந்தவர், தச்சரின் மகன். சிற்றூர்ப் பெண்கள் கைத்தறியில் படும் பாட்டைக் கண்டு, தறியைச் சீர்திருத்த முனைந்தார். 1891 இல் மரத்தாலான கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1896 இல் விசைத்தறி ஒன்றை உருவாக்கினார். அதில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும்.

இதன் அருமை நெசவு அறிந்தோருக்கு எளிதில் விளங்கும். கொங்கு நாட்டில் இன்றும் ஓடும் சாதா விசைத்தறிகளில், பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்தும் அமைப்பு பெரும்பாலும் இராது. தறி ஓட்டுபவர் கண்ணால் கண்டு நிறுத்த வேண்டும். கவனிக்கத் தவறினால் துணி பழுதோடு வளர்ந்துகொண்டே போகும். பின்னர் துணியைப் பிரித்துப் பார்ப்பவர் அதைக் கழித்துக்கட்டுவார். ஆகவே ஒருவர் மிகச் சில தறிகளையே பார்த்துக்கொள்ள முடியும். அறுந்தவுடன் தறி தானே நிற்குமானால், ஒருவர் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். பழுதான துணியும் உருவாகாது.

சாக்கிச்சியும் மகன் கீச்சிரோவும் சேர்ந்து 1924 இல் முழுமைப்படுத்திய ஜி வகைத் தானியங்கித் தறியில் இக்கருத்து முதிர்ச்சி அடைந்தது. நாடாவில் உள்ள நூல் தீரும் நிலையில், தறியின் வேகம் குறையாமலே புதிய நாடா மாற்றப்பட்டது. பாவு அறுந்தாலும் ஊடை அறுந்தாலும் தறி நின்றது. இத்தறியைத் தயாரிப்பதற்காக 1926 இல் கரியா நகரில் டொயோடா தானியங்கித் தறி நிறுவனம் தொடங்கப்பட்டது.

1929 இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரைச் சேர்ந்த பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் இத்தறியின் உரிமையை 1,00,000 பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. நெசவு இயந்திரங்களை உலகெங்கும் விற்றுவந்த லங்காசயர் நிறுவனம் ஒன்று ஜப்பானியக் கண்டுபிடிப்புக்கு விலை கொடுத்தது அக்காலத்தில் சிறிய செய்தி அன்று. இப்பணமே கார் ஆய்வுக்கு மூலதனம் ஆயிற்று என்று வழக்கமாகக் கூறப்படும். அதைவிட, தறிக்கு இரும்பு வார்த்தும் கடைந்தும் பழகிய கைகள் கரியாவில் இருந்தமையே முதன்மையான காரணம் எனலாம்.

தானுந்துக்கு மாறுதல்

1933 இல் தறி நிறுவனத்துக்குள் தானுந்துப் பிரிவு ஒன்றைக் கீச்சிரோ தொடங்கினார். அக்காலத்தில் ஜப்பானியச் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் யோக்கோகாமாவில் ஃபோர்டும் ஒசாக்காவில் ஜெனரல் மோட்டார்சும் பூட்டி விற்ற அமெரிக்க வண்டிகளே. கீச்சிரோவின் முதல் பொறி செவர்லே பொறியைப் பார்த்துச் செய்யப்பட்டது. முதல் காரின் உடலமைப்பு கிறைஸ்லர் நிறுவனத்தின் ஏர்ஃப்ளோ காரை ஒத்திருந்தது. 1935 நவம்பரில் ஜி1 என்ற லாரியும், 1936 இல் ஏஏ என்ற காரும் விற்பனைக்கு வந்தன.

அந்த முதல் லாரிகள் அடிக்கடி பழுதாகி வழியில் நின்றன. டொயோட்டா என்றால் பழுதாகாது என்ற பெயர் பிறவியிலேயே வந்ததன்று என்பதை இங்குக் கவனிக்க வேண்டும்.

1936 இல் நிறைவேறிய தானுந்து உற்பத்திச் சட்டம் உள்நாட்டு நிறுவனங்களுக்கு உரிமமும் சலுகையும் அளித்தது. அயல்நாட்டு நிறுவனங்களுக்கு அது நெருக்கடியாக அமைந்தது. 1939 அளவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் ஜப்பானில் உற்பத்தியை நிறுத்தின. டொயோட்டாவின் தொடக்கத்தில் அரசின் கை இருந்தது என்பதை நிறுவனத்தைப் புகழும் நூல்கள் பெரிதாகப் பேசுவதில்லை.

குடும்பப் பெயரான டொயோடா, 1936 இல் வணிகப் பெயராக டொயோட்டா என மாற்றப்பட்டது. ஜப்பானிய எழுத்தில் இப்பெயரை எட்டுக் கோடுகளில் எழுதலாம். எட்டு அவர்களுக்கு நல்ல எண். தொழிற்சாலை அமைந்த கொரொமோ நகரம் 1959 இல் தன் பெயரையே டொயோட்டா என்று மாற்றிக்கொண்டது.

கோயம்புத்தூருடன் ஓர் ஒப்பீடு

டொயோட்டா மோட்டார் தொடங்கிய அதே 1937 இல், இந்தியாவில் உருவான முதல் மின்னியக்கி எனக் குறிப்பிடப்படும் மோட்டார் கோயம்புத்தூரில் செய்யப்பட்டது. அதைச் செய்தவர்கள் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் ஆவர். ஜி. டி. நாயுடு 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே, உடுமலைப்பேட்டை வழியாகச் செல்லும் சாலையில், தம் முதல் பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கியவர். பஞ்சாலைகள், வார்ப்பாலைகள், கடைசல் பட்டறைகள் என்று கரியாவில் இருந்தவை யாவும் கோயம்புத்தூரிலும் உருவாகிக்கொண்டிருந்தன. 1932 இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் விரைந்து பெருகின.

ஆயினும் இங்கிருந்து கார் நிறுவனம் எழவில்லை. 1950களின் தொடக்கத்தில் ஜி. டி. நாயுடு உருவாக்கிய இருவர் அமரும் சிறிய காருக்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை என்பது கொங்கு நாட்டில் பலமுறை சொல்லப்படும் செய்தி. உரிமம் ஒன்றே வேறுபாடு என்று முடிவு கட்டுவது எளிமைப்படுத்தல் ஆகும். அடிமை நாடாக இருந்த இந்தியாவில் 1930களில் உள்ளூர்த் தானுந்துத் தொழிலைக் காக்க அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. ஆலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தே வந்தன. கோயம்புத்தூரின் பட்டறைகள் நீரிறைக்கும் பம்புகள், நூற்பு இயந்திரங்கள், தானுந்து உதிரிபாகங்கள் ஆகியவற்றின் பக்கம் வளர்ந்தன.

1950 நெருக்கடியும் உற்பத்தி முறையும்

போருக்குப் பின் பணவாட்டக் கொள்கையால் டொயோட்டா 1949 இல் திவாலாகும் நிலைக்கு வந்தது. வங்கிகள் கடன் தந்தன. ஆனால் விற்பனையைத் தனி நிறுவனமாகப் பிரிக்கவும் ஆட்களைக் குறைக்கவும் நேர்ந்தது. ஆட்குறைப்புச் செய்வதில்லை என்று சொல்லியிருந்த கீச்சிரோ, நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பின் 1950 ஜூனில் பதவி விலகினார். அதே மாதம் கொரியப் போர் மூண்டது. அமெரிக்கப் படைக்கு லாரிகள் தேவைப்பட்டன, நிறுவனம் பிழைத்தது. கீச்சிரோ 1952 இல் காலமானார். தாம் கனவு கண்ட பயணிகள் காரின் வெற்றியை அவர் காணவில்லை.

இக்காலத்தில் உருவானதே டொயோட்டா உற்பத்தி முறை. இதை வடிவமைத்த தாயிச்சி ஓனோ, டொயோடா குடும்பத்தின் நூற்பு நெசவு ஆலையில் 1932 இல் வேலைக்குச் சேர்ந்து, 1943 இல் கார் நிறுவனத்துக்கு மாறியவர். ஆலையில் ஒருவர் பல தறிகளைப் பார்த்துக்கொள்வதை அறிந்திருந்த அவருக்கு, கார் தொழிற்சாலையில் ஒவ்வொரு கடைசல் இயந்திரத்துக்கும் ஒருவர் காவல் நிற்பது வீணாகத் தோன்றியது.

அவர் முறைக்கு இரண்டு தூண்கள். ஒன்று, வேண்டிய உறுப்பு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவே வந்து சேர்வது. இதற்குப் பயன்பட்ட அட்டையே கான்பான் எனப்படுவது. அடுத்த நிலையில் உள்ளவர் உறுப்பை எடுத்துக்கொண்ட பின்னரே, முந்தைய நிலையில் உள்ளவர் அந்த அளவுக்கு மீண்டும் செய்வார்.

மற்றொன்று ஜிதோக்கா. தானியக்கம் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லில் மனிதனைக் குறிக்கும் குறி ஒன்றைச் சேர்த்து, ஒலி மாறாமல் பொருளை மாற்றி எழுதினர். பழுது நேர்ந்தால் இயந்திரம் தானே நிற்க வேண்டும். மனிதரும் நிறுத்தலாம் என்பது கருத்து. இது சாக்கிச்சியின் தறியேதான். பூட்டும் வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறை கண்டால் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம், உடனே விளக்கு எரியும், மேற்பார்வையாளர் வருவார், தீரவில்லையெனில் வரிசை நிற்கும். வரிசை நின்றால் பெரும் இழப்பு என்று எண்ணிப் பழகிய மேலை நாட்டு மேலாளர்களுக்கு இது நம்ப முடியாததாக இருந்தது. குறையை மறைத்து ஓட்டினால் அது ஆயிரம் கார்களுக்குள் புகுந்துவிடும் என்பது ஓனோவின் கணக்கு.

மென்பொருள் துறையில் இருப்போர் கான்பான் பலகை என்ற சொல்லை நாள்தோறும் கேட்பதுண்டு. அது இங்கிருந்து வந்ததே.

1957 இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய கிரவுன் கார் அந்நாட்டு நெடுஞ்சாலைகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தோல்வியுற்றது. 1966 இல் வந்த கொரோலா அந்தப் பெயரை மாற்றியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், குறைந்த எரிபொருளில் பழுதின்றி ஓடும் சிறிய கார்களை அமெரிக்கர்கள் தேடி வாங்கினர். 1984 இல் கலிபோர்னியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் மூடிவிட்ட ஆலையை இரு நிறுவனங்களும் கூட்டாகத் திறந்தன. முன்பு ஒழுங்கற்றவர்கள் என்று பெயரெடுத்த தொழிலாளர்கள் பலரைக் கொண்டே நல்ல கார்கள் செய்யப்பட்டன. தவறு ஆட்களிடம் இல்லை, முறையில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இந்தியாவில்

1980களில் டிசிஎம் குழுமத்துடன் சேர்ந்து உத்தரப் பிரதேசத்தில் இலகு ரக லாரிகளைச் செய்தது டொயோட்டாவின் முதல் இந்திய முயற்சி, அது நிலைக்கவில்லை. 1995 இல் கிர்லோஸ்கர் குழுமத்துடன் இணைந்து பெங்களூரு அருகே நூற்பு இயந்திர நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆக, இந்தியாவில் கிர்லோஸ்கர் உறவும் பஞ்சாலையிலிருந்தே தொடங்கியது. 1997 இல் டொயோட்டா கிர்லோஸ்கர் மோட்டார் உருவாகி, பிடதியில் ஆலை அமைந்தது.

2000 ஜனவரியில் குவாலிஸ் வந்தபோது அதன் பெட்டி வடிவத்தைப் பலர் எள்ளினர். வாடகை வண்டி ஓட்டுநர்கள் எள்ளவில்லை. பழனிக்கும் மூணாறுக்கும் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மலையேறி, மறுநாளும் கிளம்பும் வண்டி அவர்களுக்கு வேண்டியிருந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே குவாலிஸ் நிறுத்தப்பட்டு, 2005 பிப்ரவரியில் இன்னோவா அறிமுகமானது. பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவாவுக்கும் கொங்கு நாட்டுச் சந்தையில் நல்ல விலை கிடைப்பது, விளம்பரத்தால் ஈட்ட முடியாத மதிப்பு.

தொழிலாளர் உறவில் இத்தகைய நற்பெயர் இல்லை. 2020 நவம்பரில் பிடதியில் வேலைப்பளு தொடர்பாக எழுந்த பிணக்கு, வேலைநிறுத்தமும் கதவடைப்புமாகச் சில மாதங்கள் நீடித்தது.

நற்பெயருக்கு நேர்ந்த இழுக்கு

2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் லெக்சஸ் கார் ஒன்று கட்டுப்பாடின்றி விரைந்து விபத்துக்குள்ளாகி நால்வர் இறந்தனர். முடுக்கி மிதியில் தரைவிரிப்பு சிக்கிக்கொள்வதும், சில வண்டிகளில் மிதியே ஒட்டிக்கொள்வதும் தெரியவந்தன. உலகெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன் தோன்றிய தலைவர் அக்கியோ டொயோடா, கீச்சிரோவின் பேரன். ஆட்களைப் பயிற்றுவிக்கும் வேகத்தைவிட வளர்ச்சியின் வேகம் மிஞ்சிவிட்டது என்று அவர் ஒப்புக்கொண்டார். மின்னணுக் கோளாறே காரணம் என்ற குற்றச்சாட்டை 2011 இல் நாசாவின் ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அறிந்த குறைகளைப் பற்றி நுகர்வோருக்குத் தவறான தகவல் தந்ததற்காக நிறுவனம் 2014 இல் 120 கோடி டாலர் தண்டம் செலுத்த இசைந்தது.

2023 டிசம்பரில் துணை நிறுவனமான டைஹட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் பல ஆண்டுகளாக முறைகேடு செய்தது வெளிப்பட்டது. 2024 ஜனவரியில் வந்த செய்தி அதைவிடக் கூர்மையானது. மூன்று டீசல் பொறிகளின் குதிரைத்திறன் சோதனையில், விற்பனை வண்டிகளில் உள்ளதற்கு மாறான மென்பொருளைப் பயன்படுத்தி அளவுகளைச் சீராகக் காட்டியிருந்தனர். செய்தது டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ். அறுந்தால் நிற்கும் தறியைச் செய்வதற்காக 1926 இல் கரியாவில் தொடங்கிய அதே நிறுவனம்தான் அது.

இந்தியாவில் இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் ஆகியவை இப்பொறிகளைக் கொண்டவை. அவற்றை விற்பனையாளர்களுக்கு அனுப்புவது சில நாட்கள் நிறுத்தப்பட்டு, 2024 பிப்ரவரியில் மீண்டும் தொடங்கியது.