கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது?

சில ஆண்டுகளுக்கு முன் சுவா வட்டாரத் தோட்டமொன்றில் பட்டணத்து மாதா கோயில் இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். மூன்று நாள் லயத்திலேயே தங்கி, சிற்றாலயக் கூரையையும் பாலர் பள்ளிக் கூரையையும் பழுது பார்த்தார்கள். நாங்களும் பால் வெட்டு முடிந்த கையோடு ஏணி பிடித்தோம். அம்மன் கோயில் கமிட்டியார் சோறாக்கிப் போட்டார்கள். கோத்தோங் ரோயோங் என்றால் அதுதான்!

ஒரு தப்பும் செய்தோம். பழைய அஸ்பெஸ்டாஸ் தகட்டைச் சுத்தியலால் உடைத்தோம். அந்தத் தூசி நெஞ்சுக்குள் தங்கி, பல ஆண்டு கழித்துக்கூடப் புற்றுநோய் தரும். தோழர்களே, அதை உடைக்காதீர்கள். பயிற்சி பெற்றவர்களே இறக்கட்டும்.

கிளம்பும்போது ஓர் ஆயா கேட்டார்: "எங்க வூடும் ஒழுகுது. அதுக்கும் இந்தப் புள்ளைங்கதான் வரணுமாப்பா?"

எங்களுக்குச் சுருக்கென்றது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொன்னது. தொழிலாளருக்குக் கொடுத்த வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம். வந்தவர்கள் செய்தது அன்பு. நிர்வாகம் செய்ய வேண்டியது கடன்.

அன்றிரவே வீட்டு எண், தேதி போட்டு மனு எழுதினோம். கையெழுத்து தெரியாதவர்கள் ரேகை வைத்தார்கள். ஒரு நகலை நாங்கள் வைத்துக்கொண்டோம். நீங்களும் வாயால் சொல்லி நிறுத்தாமல் எழுதிக் கொடுங்கள். நிர்வாகம் அசையாவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குச் சேர்ந்தே போவோம்.