இரண்டு வான்கள், ஒரே விலை: எதை எடுப்பது?

பழைய வான் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் அமைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றப் புறப்படுவது நோர்வே மக்களின் வழக்கம். எம்மவரிடையேயும் இவ்விருப்பம் உண்டு. ஸ்தவாங்கரில் வாழ்வோருக்கு இதற்கு வாய்ப்பும் அதிகம். 2019 டிசம்பர் 30இல் ரீபில்க்கச் சுரங்கம் திறக்கப்பட்டதிலிருந்து, பிரேக்கஸ்தூலன் மலையடிவாரத்துக்குப் படகுக்குக் காத்திராமலே செல்ல முடிகிறது.

ஒரே விலையில் இரண்டு வான்கள் முன்னே நிற்கின்றன எனக் கொள்வோம். ஒன்று வொல்க்ஸ்வாகன் ட்ரான்ஸ்போர்ட்டர். குறைவாக ஓடியது, பச்சை இலக்கத்தகடு உடையது. மற்றையது ரொயோட்டா ஹைஏஸ். கூடுதலாக ஓடியது, வெள்ளை இலக்கத்தகடும் பின்னிருக்கைகளும் உடையது. ஊரில் ஹைஏஸ் வானிற் பயணித்த நினைவு எம் மனத்தை ஒருபுறம் இழுக்கும். குறைந்த கிலோமீற்றர் மறுபுறம் இழுக்கும். இவ்விரண்டையும் கொண்டு தீர்மானித்தலாகாது.

முதலிற் பார்க்க வேண்டியது கறள். கடற்காற்றும் பனிக்கால வீதிகளில் தூவப்படும் உப்பும் வாகனத்தின் அடிப்பாகத்தை அரிக்கின்றன. பழுதான எஞ்சினை மாற்றலாம். உக்கிய அடிச்சட்டத்தை என் செய்வது? பலகை அடித்து மூடிய பின் கறள் கண்ணுக்கும் தெரியாது. எனவே பணம் கொடுக்குமுன் வாகனத்தை உயர்த்திப் பார்க்கும் சோதனை நிலையமொன்றிற் காட்டுதல் அவசியம். ஈராண்டுக்கொருமுறை நடைபெறும் ஈயூ சோதனையில் தேறியது என்பது மட்டும் போதாது.

இரண்டாவது இருக்கை. பச்சைத் தகடுடைய வானில் முன்வரிசை மட்டுமே அனுமதிக்கப்பட்டது. பின்னாற் போடும் படுக்கையிற் பிள்ளைகளை இருத்திச் செல்வது சட்டமீறல் மட்டுமன்று, உயிராபத்தும் ஆகும். அங்கீகரிக்கப்பட்ட இருக்கைகளைப் பொருத்தி வாகன வகையை மாற்ற வேண்டுமெனின், வீதி நிர்வாகமான வேக்வேசனின் அனுமதி வேண்டும்; மேலதிக வரியும் எழக்கூடும். இவற்றை வாங்குமுன்பே விசாரித்தறிக.

மூன்றாவது பாரம். வாகனப் பதிவு அட்டையிலுள்ள மொத்த எடையிலிருந்து சொந்த எடையைக் கழித்தால் எஞ்சுவதே நாம் ஏற்றக்கூடியது. பலகை, மின்கலம், ஆட்கள் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். 60 லீற்றர் தண்ணீரே 60 கிலோ.

நான்காவது கடன். முன்னைய உரிமையாளரின் கடனுக்கு வாகனம் ஈடாயிருப்பின், அச்சுமை வாகனத்தோடு எம்மிடமும் வரலாம். புரொன்னேய்சுண்ட் பதிவகத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து இதனை இலவசமாக அறியலாம்.

ஆகவே, பிள்ளைகளுள்ள குடும்பத்துக்கு, அடிப்பாகம் உறுதியாயிருப்பின், கூடுதலாக ஓடிய ஹைஏஸே ஏற்றது. இருவர் மட்டும் பயணிப்பதாயின் ட்ரான்ஸ்போர்ட்டர் பொருந்தும். இரண்டிலும் கறள் ஊறியிருப்பின், பணத்தோடு வீடு திரும்புவதே மேல். பனியிலும் இரவு வேலையிலும் சேர்த்த காசு அது.