குழாய்வழி வாயுவும் புதிய அடுப்பும்

நம் நாட்டில் சமையல் எரிவாயு இன்று புதுமைப் பொருளன்று. 1950-களின் நடுவில் பர்மா ஷெல் நிறுவனம் பம்பாயில் அதனைச் சிலிண்டர்களில் அடைத்து விற்கத் தொடங்கியது. 1965-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியன் ஆயில் நிறுவனம் தனது முதல் 'இண்டேன்' இணைப்பைக் கல்கத்தாவில் வழங்கியது. அதன் பின்னர் விறகும் கரியும் மண்ணெண்ணெயும் படிப்படியாகப் பல சமையலறைகளை விட்டு நீங்கின. இப்பொழுது நகரங்களில் மற்றொரு மாறுதல் நிகழ்ந்து வருகின்றது. தாபோலிலிருந்து பெங்களூர் வரை இடப்பெற்ற சுமார் 1,000 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய்த்தொடர் 2013-இல் இயங்கத் தொடங்கியதன் பயனாக, நகரின் பல இல்லங்களுக்கு இயற்கை வாயு குழாய் மூலமாகவே வந்து சேருகின்றது. சிலிண்டரும் குழாயும் தருவது ஒரே பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. அவ்வெண்ணத்தால் விளையக்கூடிய தீங்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொம்மலூரில் எங்கள் இல்லத்திற்குக் குழாய் இணைப்பு வந்தபொழுது, பணியாளர் ஒருவர் பழைய அடுப்பைக் குழாய் வாயுவுக்கு ஏற்ப மாற்றித் தந்தார். சில மாதங்களுக்குப் பின் புதிய அடுப்பு ஒன்றை வாங்கினோம். பழையதை, வீட்டு வேலைகளில் எங்களுக்கு உதவிவரும் அம்மையாரிடம் கொடுத்தனுப்பினோம். அவர் இல்லத்தில் இருந்தது சிலிண்டர். அன்று மாலை அவர் அடுப்பைப் பற்றவைத்தபொழுது, நீலச் சுடருக்குப் பதிலாக மஞ்சள் நிறச் சுடர் பாத்திரத்தின் விளிம்பையும் கடந்து எழுந்தது. அவர் உடனே ரெகுலேட்டரை மூடிவிட்டமையால் தீங்கு ஏதும் நேரவில்லை. ஆயினும், நல்லெண்ணத்துடன் அளித்த பொருள் ஒரு குடும்பத்திற்கே ஆபத்தாய் முடிந்திருக்கக்கூடும். தவறு அடுப்பினுடையதன்று, எங்கள் அறியாமையினுடையது.

சுடர் மாறுபட்டது ஏன்?

சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்டு அடைக்கப்பெறுவது. குழாயில் வருவது பெரும்பாலும் மீதேன். ஒரே கன அளவில் எடுத்துக்கொண்டால், சிலிண்டர் வாயு எரியும்பொழுது தரும் வெப்பம் மீதேன் தருவதைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை ஆகும். எரிவதற்கு வேண்டிய காற்றும் அவ்வாறே வேறுபடும். ஒரு கன அடி மீதேனுக்குச் சுமார் 10 கன அடிக் காற்றுப் போதும். புரோப்பேனுக்குச் சுமார் 24, பியூட்டேனுக்குச் சுமார் 31 கன அடி தேவைப்படும்.

அடுப்பினுள் வாயுவை அளந்து விடுவது 'ஜெட்' எனப்படும் சிறு பித்தளை முனையின் துளையே. மீதேனின் வெப்பம் குறைவாதலால் அதற்குரிய துளை பெரிதாக இருத்தல் வேண்டும். அப்பெரிய துளையின் வழியே சிலிண்டர் வாயுவை விடுவோமாயின், வேண்டியதைவிட மிகுதியான எரிபொருள் வெளிப்படும். காற்றுப் போதாமையால் அது முற்றும் எரியாது. எரியாத கரித்துகள்களே சுடருக்கு மஞ்சள் நிறத்தைத் தருகின்றன. பாத்திரத்தின் அடியிலும் படிகின்றன. அத்துடன், நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவாகிய கார்பன் மோனாக்ஸைடும் உண்டாகின்றது. இதற்கு மாறாக, சிலிண்டருக்குரிய அடுப்பை அப்படியே குழாயில் இணைத்தால் சுடர் மெலிந்து, சமையல் தாமதப்படும்.

துளையை மட்டும் பெரிதாக்குதல் முழுமையான தீர்வும் அன்று. அவ்வாறு மாற்றிய அடுப்புக்களில் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாகின்றது. இதனைக் கருதியே டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வுக்கழகம், குழாய் வாயுவுக்கென்றே, வெப்பத்தில் 55 சதவீதத்தைப் பாத்திரத்திற்கு அளிக்கும் அடுப்பை உருவாக்கியது. புதிய அடுப்பு வாங்குவோர், அஃது எவ்வாயுவுக்கு உரியது என்பதை முதலிற் கேட்டறிதல் நலம்.

தரையில் ஒன்று, கூரையில் ஒன்று

கசிவு நேருங்கால் இவ்விரு வாயுக்களும் செல்லும் திசை வேறு. சிலிண்டர் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமுள்ளது; நீரைப்போல் தாழ்ந்து, தரையிலும் பள்ளங்களிலும் சாக்கடைத் துளையிலும் தேங்கும். மீதேனின் கனம் காற்றின் கனத்தில் சற்றேறக்குறையப் பாதியே. அது மேலெழுந்து கூரையடியிலும் பரணிலும் தங்கும். ஆகவே முன்னதற்குத் தரையை ஒட்டிய காற்றுவழியும், பின்னதற்குக் கூரையை ஒட்டிய காற்றுவழியும் இன்றியமையாதன. குளிருக்கு அஞ்சி மேற்சாளரத்தை அட்டையால் அடைத்துவைக்கும் பெங்களூர் வழக்கம், குழாய் வாயு வந்த இல்லத்திற்குப் பொருந்தாது.

இரு வாயுக்களுக்கும் இயற்கையில் மணமில்லை. நாம் உணரும் துர்நாற்றம் எச்சரிக்கைக்கெனச் சேர்க்கப்படுவது. நாற்றம் வீசினால் மின்விசிறியின் சுவிட்சையும் தொடலாகாது. சிறு மின்பொறியும் தீ மூட்டும். வால்வை மூடி, கதவு சாளரங்களைத் திறந்து, வெளியேறிய பின்னரே உதவிக்கு அழைத்தல் வேண்டும். சிலிண்டர் கசிவுக்குரிய அவசரத் தொலைபேசி எண் 1906. குழாய் இணைப்புடையோர் தம் நிறுவனத்தின் அவசர எண்ணை வாயிற்கதவருகே எழுதிவைப்பது நன்று. இணைப்புக்களில் ஐயம் தோன்றினால் சோப்பு நீரைத் தடவிப் பார்க்கலாம். குமிழிகள் எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சியால் சோதிப்பது ஒருபொழுதும் கூடாது.

நீலச் சுடரும் முற்றிலும் தூயதன்று. அதன் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் டை-ஆக்ஸைடு தோன்றுகின்றது. மூச்சுக்குழலுக்கு ஊறு செய்யும் இவ்வாயுவின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. எனவே சமைக்கும் நேரத்தில் சாளரம் திறந்திருத்தல் எப்பொழுதும் தேவை.

இன்னொரு செய்தியும் உண்டு. பெங்களூர் கடல்மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் குறைவாதலால் இங்கு நீர் சுமார் 97 பாகை சென்டிகிரேடிலேயே கொதிக்கும். பருப்பு வேகத் தாமதிப்பதைப் புதிய அடுப்பின் குறையெனக் கருதிச் சுடரைப் பெருக்குவதால் பயனில்லை. கொதிக்கும் நீர் மேலும் சூடாவதில்லை. சுடரைத் தணித்து மூடிவைப்பதோ, பிரஷர் குக்கரைப் பயன்படுத்துவதோ சிக்கனமாகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை

வாயுவும் நீர்போல் வழியும் என்பதை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு குவளையில் சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தால் கரியமிலவாயு உண்டாகும். நுரை அடங்கியபின், திரவம் சிந்தாமல் குவளையை எரியும் மெழுகுவர்த்தியின் மேல் மெல்லச் சாய்த்தால், கண்ணுக்குப் புலப்படாத வாயு வழிந்து சுடரை அணைக்கும். சிலிண்டர் வாயுவும் இவ்வாறே தரையில் வழிந்தோடும், ஆனால் சுடரை அடைந்தால் அணைக்காது, பற்றி எரியும் என்று விளக்குக. மாணவர் அச்செய்தியை இல்லத்திற்குக் கொண்டுசெல்வர்.

ஊர்களில் பணிபுரியும் களப்பணியாளர்கள், அடுப்பு கைமாறும் இடந்தோறும் ஒரு வினாவைத் தவறாது கேட்பாராக: 'இது எந்த வாயுவுக்கு உரிய அடுப்பு?' அந்த அம்மையாரின் அடுப்புக்கு, தேர்ந்த பணியாளரைக் கொண்டு சிலிண்டருக்குரிய ஜெட்டுகளைப் பொருத்தச் செய்தோம். இப்பொழுது அது நீலச் சுடருடன் எரிகின்றது. அவ்வினாவை முன்னரே கேட்டிருந்தால், அம்மாலைப் பொழுதின் அச்சத்தை அவர் அடைந்திருக்க வேண்டியதில்லை.