தாச்சியருகே ஒரு மூடி

கலியாண வீட்டிலே பலகாரச் சூடு என்றால் அது தனியொரு கொண்டாட்டமாகும். நன்னாள் பார்த்து, கோடிப்புறத்திலே கிடுகுப் பந்தலிட்டு, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, இனசனத்துப் பெண்கள் கூடியிருந்து அரியதரமும் முறுக்கும் பயற்றம் பணியாரமும் சுடுவர். வீட்டினுள் அடுப்பிருப்பினும் அத்துணை பெரிய தாச்சிக்கு அங்கே இடமேது? அன்றியும், வெட்டவெளியிற் சமைப்பதால் நெருப்பினால் அபாயம் குறைவென்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். நாமும் அவ்வாறே கருதியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உறவினர் வீடொன்றிலே நிகழ்ந்ததைக் கூறவேண்டும். பேச்சுப் பராக்கிலே ஒரு தாச்சியைக் கவனிப்பார் இல்லை. எண்ணெய் முதலிற் புகைந்தது. சிறிது நேரத்தில் அதன் முகமெங்கும் தீப்பற்றியது. "தண்ணீர்! தண்ணீர்!" என்று கூவியோருள் நாமும் ஒருவர். விஞ்ஞானம் கற்பிக்கும் நாம், நீரினும் எண்ணெய் அடர்த்தி குறைந்தது என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் நாம், அவ்வாறு கூவினோம்! நம் சொற்கேட்டு இளைஞன் ஒருவன் ஒரு வாளி நீரை எடுத்து வீசினான். தீ சீறியெழுந்து பந்தலின் முகட்டைப் பற்றியது. அவனுடைய வலக்கை முழங்கை வரையில் வெந்துபோயிற்று. குறித்த நாளிற் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்கவிருந்த அவனோ ஆசுபத்திரியிற் கிடந்தான்.

அன்று நாம் மறந்துபோன பாடம் இதுதான். பலகாரம் பொரியும் எண்ணெயின் வெப்பம் ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ். வெப்பம் மேலும் ஏறினால் எண்ணெய் புகையும். 350 பாகையளவில் நெருப்புப் படாமலேயே தானாகத் தீப்பற்றவும் கூடும். நீரோ 100 பாகையிலேயே ஆவியாகிவிடும். எரியும் எண்ணெயில் வீசிய நீர் மிதப்பதில்லை. அடியில் இறங்கி, அக்கணமே ஆவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகின்றது. அவ்விரிவு எரியும் எண்ணெயைத் துளிதுளியாகச் சிதறடித்து மேலே எறிகின்றது. ஒவ்வொரு துளியும் காற்றைச் சந்தித்து எரிகின்றது. ஒரு வாளி வேண்டியதில்லை, ஒரு செம்பு நீரே போதுமானது.

வெளியடுப்புக்கென்று தனிக் குறைபாடுகளும் உண்டு. காற்று வீசுந்தோறும் சுவாலை தாச்சியின் விளிம்பைத் தாண்டி எண்ணெயை எட்டிப் பார்க்கும். அக்காற்றை மறைக்கவென்று கிடுகுத் தட்டியை அடுப்போடு அணைத்துக் கட்டுவோரை நாம் கண்டிருக்கிறோம். அதனினும் தகாத செயல் பிறிதில்லை. காற்றுக்குத் தகரம் மறைப்பாகலாம். கிடுகும் விறகுக் குவியலும் சாக்கும் எட்டவே இருத்தல் வேண்டும். அடுப்புக்கு நேர்மேலே கூரை வேண்டவே வேண்டாம். மூன்று கல்லும் ஆடாதிருக்கின்றனவா என்பதை எண்ணெய் வார்க்குமுன் பார்த்தல் நன்று. தாச்சியில் அரைவாசிக்கு மேல் எண்ணெய் நிரப்பின், ஈரமான மா விழும்போது நுரைத்துப் பொங்கி வழியும். வழிந்தது நேரே கொள்ளிமேல் விழும். பலமுறை பொரித்துக் கறுத்த எண்ணெயோ புதிய எண்ணெயிலும் விரைவிலே புகையும். சிக்கனம் நன்றே, ஆயினும் அவ்வெண்ணெயிற் சிக்கனம் வேண்டாம். இவையாவினும் மேலாக, தாச்சிக்கு ஒருவர் பொறுப்பாக நிற்றல் வேண்டும். அவர் எழுந்து போவதாயின் மற்றொருவரிடம் சொல்லிவிட்டே போகவேண்டும். அவருடைய சேலை நைலோனாக இராமற் பருத்தியாக இருப்பது நலம். நைலோன் உருகித் தோலிலே ஒட்டிக்கொள்ளும்.

2022ஆம் ஆண்டிலே காஸ் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, விறகைக் கண்டறியாத நகரத்தாரும் வளவிலே அடுப்பு மூட்ட நேர்ந்தது. காஸ் அடுப்பைத் திருகி அணைத்துவிடலாம், விறகடுப்புக்குத் திருகில்லை. எரிவதைப் பிடுங்கினாற் கொதிப்பது அடங்கும் என்பர் பெரியோர். எண்ணெய் புகையத் தொடங்கியதுமே கொள்ளிகளை வெளியே இழுத்துவிடல் வேண்டும். தீப்பற்றிய பின்னரோ, முதலில் தாச்சியை மூடவேண்டும்.

மூடி தாச்சியின் வாயிலும் அகன்றதாய், இரும்பினாலாயதாய், பிடியுள்ளதாய் இருத்தல் வேண்டும். சுளகு எரிந்துவிடும். மூடியைக் கேடயம்போல் முன்னே பிடித்து, நம் பக்கத்து விளிம்பிலிருந்து அப்பால் நகர்த்தி மூடவேண்டும். காற்றின்றித் தீ அணையும். அணைந்ததா என்று திறந்து பார்க்கும் ஆவல் எல்லோர்க்கும் எழும்; திறந்தால் மீண்டும் பற்றும். எண்ணெய் முற்றாக ஆறும்வரை, அது ஒரு மணிநேரமாயினும், அப்படியே விடவேண்டும். எரியும் தாச்சியைத் தூக்கிச் செல்ல முயல்வது பெருந்தவறு. கையருகே இருக்கிறதென்று கோதுமை மாவையோ சீனியையோ வீசவுங் கூடாது; அவையும் எரியும் பொருள்களே.

அன்னதானம் நிகழும் மடங்களுக்கும் பெரிய சமையற்கூடங்களுக்கும் எண்ணெய்த் தீக்கென்றே இக்காலத்தில் அணைகருவி உண்டு. அதிலுள்ள பொற்றாசியம் உப்புக்கரைசல் கொதிக்கும் எண்ணெயோடு சேர்ந்து அதன் முகத்திலே சவர்க்காரப் படையொன்றை உண்டாக்கி மூடிவிடுகின்றது. சவர்க்காரம் செய்யும் பழைய இரசாயனமே இது. மாணவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

வெந்த இடத்தை ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடித்து, பின் வைத்தியரிடம் செல்லவேண்டும். பற்பசையும் எண்ணெயும் பூசுதல் ஆகாது. தண்ணீருக்கு உரிய இடம் அதுவே.

அன்று பந்தல் எரிகையில், அடுத்த அடுப்பிலிருந்த தாச்சியும் பற்றத் தொடங்கியது. ஆச்சி ஒருவர், பள்ளிக்கூடம் அதிகம் கண்டவரல்லர், கிடாரத்து மூடியை எடுத்து அதன்மேல் நகர்த்திவிட்டு, பிள்ளைகளை முற்றத்துக்குத் துரத்தினார். இன்றும் எவ்வீட்டிற் பலகாரச் சூடாயினும் அவரை அழைக்கின்றனர். வந்ததும், "தாச்சி கிடக்கட்டும் பிள்ளை, மூடி எங்கே?" என்றுதான் முதலிற் கேட்பார்.