காற்று எவர்க்கு உரியது?

மொன்றியலிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், சோரெல்-திரேசி நகரை அண்டிய வயல்வெளிகளில் 12 காற்றாலைகள் சுழல்கின்றன. 24.6 மெகாவாட் வலுக்கொண்ட இவை எந்தப் பெருநிறுவனத்திற்கும் உரியவையல்ல. 12 உள்ளூராட்சி சபைகளை உள்ளடக்கிய பியேர்-டி-சோரெல் பிராந்திய சபையே இவற்றின் உரிமையாளர். 2016 இல் இயங்கத் தொடங்கிய இப்பண்ணையின் இலாபம் அவ்வூர்களுக்கே திரும்புகின்றது.

அதே ஆண்டில் காஸ்பே குடாநாட்டிலும் 47 காற்றாலைகளுடன் 150 மெகாவாட் பண்ணையொன்று இயங்கத் தொடங்கியது. பூர்வீகக் குடிகளான மிக்மாக் மக்களின் மூன்று சமூகங்கள் அதில் சரிபாதிப் பங்காளர். 'பெருங்காற்று' என்பதே அவர்தம் மொழியில் அதன் பெயர்.

இவற்றை அறியும்போது நம் நினைவு மன்னாருக்குச் செல்வது இயல்பே. 2020 டிசெம்பரில் அங்கு இலங்கை மின்சார சபையின் 'தம்பபவனி' திறந்துவைக்கப்பட்டது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். ஆயினும் மழைவெள்ளம் வடிந்தோடத் தடை, மீன்பிடிக்குப் பாதிப்பு, வலசைப் பறவைகளுக்கு ஆபத்து என முறையிட்ட தீவு மக்கள், 2025 இல் புதிய காற்றாலைகளை எதிர்த்து வீதியில் இறங்கினர்.

இதனைக் கொண்டு அம்மக்களை அபிவிருத்தியின் பகைவர் எனல் தகாது. நிலமும் கடலும் தம்முடையனவாக இருக்க, தீர்மானம் மட்டும் பிறரிடம் இருப்பதை எந்த ஊர்தான் ஏற்கும்?

தாயகத்தில் முதலிட எண்ணும் நம்மவர் முதலில் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: அத்திட்டத்தில் ஊராருக்கு உள்ள பங்கு எவ்வளவு?