வீட்டில் படித்த ஆங்கிலத்துக்கு எத்தனை கிரெடிட்?

அமெரிக்காவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது ஐம்பது மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும். எட்டாம் வகுப்பு வரை பெற்றோர் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் கிரெடிட் கணக்கு தொடங்கிவிடும். நான்கு ஆண்டுப் படிப்பையும் ஓரிரு பக்கத்தில் சுருக்கி, பாடம், மதிப்பெண், கிரெடிட் என்று டிரான்ஸ்கிரிப்ட் தயாரித்துக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். தயாரிப்பது அம்மாவோ அப்பாவோதான்.

கணிதத்தில் பெரிய குழப்பம் இல்லை. அல்ஜீப்ரா புத்தகத்தை முடித்தால் அல்ஜீப்ரா முடிந்தது. ஆங்கிலம் அப்படியல்ல. நாவல் வாசிப்பதும் ஆங்கிலம், கட்டுரை எழுதுவதும் ஆங்கிலம். இலக்கணப் பயிற்சி, சொல்வளம், மேடைப்பேச்சு எல்லாமும் அதற்குள் வரும். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது?

கிரெடிட் என்ற அளவு பிறந்த கதையே வேடிக்கையானது. இரும்பாலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1905-இல் கல்லூரிப் பேராசிரியர்களுக்குப் பென்ஷன் கொடுக்க ஓர் அறக்கட்டளை அமைத்தார். பென்ஷன் பெறத் தகுதியுள்ள கல்லூரி எது என்று பிரிக்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அங்கே சேரும் மாணவர் உயர்நிலைப் பள்ளியில் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். ஒரு பாடம், ஓராண்டு, 120 மணி நேரம் வகுப்பு: அதுதான் ஒரு 'கார்னகி யூனிட்'. பேராசிரியர் பென்ஷனுக்காகப் போட்ட கணக்கு இன்று வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கும் பாடம் வரை வந்திருக்கிறது.

எல்லா மாநிலமும் இந்த மணிக்கணக்கைக் கண்டிப்பாகக் கேட்பதில்லை. நியூயார்க் ஒரு யூனிட்டுக்கு ஆண்டுக்கு 6,480 நிமிடம், அதாவது 108 மணி நேரம் என்று விதித்திருக்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆங்கிலத்துக்கு நான்கு யூனிட் வேண்டும். பென்சில்வேனியாவும் உயர்நிலைப் பள்ளிப் பட்டயத்துக்கு நான்கு ஆண்டு ஆங்கிலம் கேட்கிறது. டெக்சாஸ் வீட்டுப் பள்ளியைத் தனியார் பள்ளிக்கு நிகராகப் பார்ப்பதால், கிரெடிட் கணக்கைப் பெற்றோரிடமே விட்டுவிடுகிறது. ஆனாலும் டெக்சாஸ் பிள்ளைக்கும் நான்கு ஆண்டு ஆங்கிலம் தேவைதான். கல்லூரிகள் பொதுவாக எதிர்பார்ப்பது அதைத்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அதை எழுதியே வைத்திருக்கிறது. கல்லூரி விளையாட்டின் உச்ச மட்டமான டிவிஷன் ஒன்றில் ஆட விரும்பும் பிள்ளைக்கு, அந்த விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. கேட்கும் 16 முக்கியப் பாடங்களில் நான்கு ஆங்கிலமாக இருக்க வேண்டும்.

ஆக, நான்கு ஆண்டு, நான்கு கிரெடிட். ஓராண்டுக்கு உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால் விடை சுருக்கம்: வாசிப்பும் எழுத்தும் சேர்ந்தால்தான் ஒரு கிரெடிட். ஒன்று மட்டும் இருந்தால் அரை கிரெடிட்டுக்கே யோசிப்பேன்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அமெரிக்க இலக்கியம் என்று வைத்துக்கொள்வோம். ஃபிரெடரிக் டக்ளஸின் தன்வரலாறு, 'ஹக்கிள்பெரி ஃபின்', 'தி கிரேட் கேட்ஸ்பி', ஆர்தர் மில்லரின் 'தி குரூசிபிள்' நாடகம், இடையிடையே எமிலி டிக்கின்சன் கவிதைகள். வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 36 வாரம். மொத்தம் 144 மணி. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கட்டுரை. அதில் இரண்டையாவது திருத்தி மறுபடி எழுத வேண்டும். வசந்த காலத்தில் மேற்கோளும் ஆதாரப் பட்டியலும் கொண்ட எட்டுப் பக்க ஆய்வுக் கட்டுரை ஒன்று. இலக்கணத்துக்குத் தனிப் புத்தகம் இருந்தாலும் சரி, அவள் கட்டுரையில் செய்த பிழையிலிருந்தே சொல்லிக் கொடுத்தாலும் சரி. டிரான்ஸ்கிரிப்டில் இது ஒரே வரி: 'ஆங்கிலம் 10: அமெரிக்க இலக்கியமும் எழுத்துப் பயிற்சியும், 1.0'. 144 மணிக்குப் பதில் 115 ஆனாலும் பட்டியலிட்ட வேலை முடிந்திருந்தால் நான் கிரெடிட்டைக் குறைக்க மாட்டேன். பள்ளிக்கூடத்திலும் 50 நிமிட வகுப்பில் வருகைப் பதிவுக்கும் பேப்பர் விநியோகத்துக்கும் நேரம் போகத்தான் செய்கிறது. நியூயார்க்கில் இருப்பவர் மட்டும் நிமிடத்தையும் எண்ணிக்கொள்ளட்டும்.

சில பெற்றோர் இதே வேலையைக் கூறு போட்டு இலக்கியத்துக்கு ஒன்று, இலக்கணத்துக்கு ஒன்று, சொல்வளத்துக்கு அரை என்று எழுதுவதுண்டு. ஓராண்டில் இரண்டரை ஆங்கிலக் கிரெடிட்டைப் பார்க்கும் சேர்க்கை அலுவலர் பிள்ளையை மெச்ச மாட்டார், தாளைத்தான் சந்தேகிப்பார். அதே போல், வரலாற்றுக்கு எழுதிய கட்டுரையின் நேரத்தை ஆங்கிலத்திலும் சேர்ப்பது தவறு. ஒரு மணி நேரம் ஓரிடத்தில்தான் விழ வேண்டும். வரலாறும் இலக்கியமும் பின்னி நாளுக்கு இரண்டு மணி நேரம் படித்தால், இரண்டுக்கும் ஒவ்வொரு கிரெடிட் கொடுப்பது நியாயம்.

விடிய விடிய வாசித்த ஃபேன்டசி தொடர்? அதை வாசிப்புப் பட்டியலில் போடலாம், கிரெடிட்டாக்க வேண்டாம். பிள்ளை சும்மா வாசிப்பதற்கும் ஓரிடம் வேண்டாமா? டிபேட் கிளப்பில் ஓராண்டு பேசியவனுக்குப் 'பேச்சுக்கலை' என்று அரை கிரெடிட் தனியாகக் கொடுக்கலாம். நான்கு ஆண்டு ஆங்கிலத்துக்குப் பதிலாக அதை வைக்காமல் இருந்தால் போதும். வாசிப்பதில் சிரமமுள்ள டிஸ்லெக்சியா பிள்ளை நாவலை ஒலிநூலாகக் கேட்டால் அதுவும் படித்த கணக்கே. ஷேக்ஸ்பியரைப் படமாகப் பார்ப்பது நாடகத்தைப் படித்த பிறகு நல்லது, படிப்பதற்குப் பதிலாக அல்ல.

கல்லூரித் தரப் பாடத்தைக் குறிக்கும் ஏபி என்ற பெயரை மட்டும் இஷ்டத்துக்குப் போடக் கூடாது. டிரான்ஸ்கிரிப்டில் 'ஏபி ஆங்கில இலக்கியம்' என்று எழுத, பாடத்திட்டத்தை, ஏபியை நடத்தும் காலேஜ் போர்டுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். வீட்டில் சொல்லிக் கொடுக்கும் பெற்றோரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஏபி தேர்வை எழுத அந்த ஒப்புதல் தேவையில்லை. பாடத்துக்கு வேறு பெயர் வைத்து, ஏபி மதிப்பெண்ணைப் பக்கத்தில் குறித்தால் முடிந்தது. சமுதாயக் கல்லூரியில் ஒரு செமஸ்டர் கட்டுரை எழுத்து வகுப்பு எடுத்தால், அதை முழு ஆண்டுக் கிரெடிட்டாகக் கருதுவது பல இடங்களில் வழக்கம். எழுதச் சலிக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்கு இது நல்ல வழி. அம்மா திருத்தினால் முறுக்கிக்கொள்பவன் அந்நியர் திருத்தினால் கேட்டுக்கொள்வான்.

அமெரிக்காவில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்பு அயல்மொழிக் கிரெடிட்டுக்குத்தான் போகும். ஆனால் திருக்குறளையோ சிலப்பதிகாரத்தையோ ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினால், அது உலக இலக்கியம். ஆங்கிலக் கிரெடிட்டுக்குள் தாராளமாக வரும். கிரேக்க நாடகத்தை அங்கே எல்லாரும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

பாட விளக்கத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதமே, நினைவு ஆறுவதற்குள், ஒரு பத்தியில் எழுதி வைத்துவிடுங்கள்: படித்த நூல்கள், எழுதியவை, மதிப்பெண் போட்ட முறை. கூடவே ஆண்டுக்கு இரண்டு கட்டுரைகளை எடுத்து வையுங்கள். சில கல்லூரிகள் மதிப்பெண் இட்ட கட்டுரையின் நகலைக் கேட்கும். அப்போது அழகாகத் தட்டச்சான இறுதிப் பிரதியை மட்டும் தேடாமல், ஓரத்தில் உங்கள் திருத்தங்கள் உள்ள பிரதியையும் வைத்திருந்தால் அலைச்சல் மிச்சம்.