சாப்பாட்டைச் சொல்லித்தரும் சாகச விளையாட்டுகள்

நல்ல உணவுப் பழக்கத்தைக் கதையாகவும் சாகசமாகவும் சொல்லித்தரும் வீடியோ கேம்கள் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. முன்னோடிகளில் ஒன்று, 1995-இல் சூப்பர் நின்டென்டோ கருவிக்காக வெளிவந்த 'பேக்கி அண்ட் மார்லன்'. இதன் நாயகர்கள் இரண்டு இளம் யானைகள். இருவருக்கும் நீரிழிவு. நீரிழிவுள்ள பிள்ளைகளுக்காக நடக்கும் கோடை முகாமுக்குப் போன இடத்தில், எலிக்கூட்டம் ஒன்று புகுந்து உணவையும் மருந்துப் பொருட்களையும் வாரிச் சிதறடித்துவிடுகிறது. யானைகள் அவற்றை மீட்க வேண்டும். எலிகளை விரட்டினால் மட்டும் போதாது. வேளாவேளைக்கு ரத்தச் சர்க்கரையைப் பார்த்து, இன்சுலின் போட்டு, தட்டில் எதை எவ்வளவு வைப்பது என்று ஆடும் குழந்தையே முடிவெடுக்க வேண்டும். கணக்குத் தப்பினால் யானையால் மேற்கொண்டு நகர முடியாது.

நீரிழிவுள்ள 8 முதல் 16 வயதுக் குழந்தைகள் சிலருக்கு இந்த விளையாட்டையும், மற்றவர்களுக்கு ஒரு சாதாரணப் பின்பால் விளையாட்டையும் கொடுத்து ஆறு மாதம் கவனித்தார்கள். யானை விளையாட்டு ஆடியவர்கள் அவசரமாக மருத்துவரிடம் ஓட வேண்டியிருந்த தடவைகள் 77 சதவீதம் குறைந்தன. விளையாட்டால் பழக்கத்தை மாற்ற முடியும் என்ற எண்ணத்துக்கு 1997-இல் வெளியான இந்த முடிவு வலுச் சேர்த்தது.

ஆனால் அந்தக் குழந்தைகள் நோயோடு வாழ்ந்தவர்கள். தவறான உணவின் விளைவு அவர்கள் உடம்பில் அன்றைக்கே தெரியும். நோயில்லாத குழந்தையின் நிலை வேறு. பத்து வயதில் தின்ற பாக்கெட் சிப்ஸுக்கு உடம்பு கணக்குக் கேட்பது முப்பது வயதில்தான். 'இப்படித் தின்றால் பிற்காலத்தில் சர்க்கரை வரும்' என்று பெற்றோர் சொல்லும்போது அந்தப் பிற்காலம் குழந்தையின் கற்பனைக்குள் வருவதில்லை. அந்த இடைவெளியைச் சில நிமிடங்களாகச் சுருக்கிக் காட்டுவதே இவ்வகை விளையாட்டின் தனிப்பலம். பாடப்புத்தகமோ சுவரொட்டியோ இதைச் செய்ய முடியாது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரியில் டாம் பரனோவ்ஸ்கி தலைமையிலான குழு இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்தது. அவர்களுடைய 'ஸ்கொயர்ஸ் குவெஸ்ட்' விளையாட்டில் குழந்தை ஓர் அரசவையின் பயிற்சி வீரன். பாம்புகளும் அகழெலிகளும் நாட்டின் காய்கனிப் பயிர்களை அழிக்க வருகின்றன. வீரன் சவால்களை வென்று, அரண்மனை அடுக்களையில் காய்கறிச் சமையலும் செய்து பழக வேண்டும். 26 தொடக்கப் பள்ளிகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 1,578 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2003-இல் வந்தது. பத்து அமர்வுகள் ஆடிய பிள்ளைகள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு ஒரு பங்கு காய்கனி கூடுதலாக உண்டார்கள். ஒரு பங்கு என்பது ஏறத்தாழ அரைக் கிண்ணம்.

அதே குழு ஆர்க்கிமேஜ் என்ற நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய 'எஸ்கேப் ஃப்ரம் டயாப்' இன்னும் பெரிய முயற்சி. டீஜே என்ற சிறுவன் டயாப் என்ற கொடுங்கனவு உலகில் போய் விழுகிறான். அங்கே ஈட்ஸ் மன்னனின் ஆட்சி. நல்ல உணவுக்குத் தடை; குப்பைத் தீனிக்குக் குறைவில்லை. (நாட்டின் பெயரையும் மன்னன் பெயரையும் ஆங்கிலத்தில் சேர்த்து எழுதினால் 'டயாபிடீஸ்' வந்துவிடும்.) தப்பிப்பதற்கு டீஜேயும் அவன் நண்பர்களும் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அமர்வும் குறைந்தது நாற்பது நிமிடம். மொத்தம் ஒன்பது அமர்வுகள். இதை முடித்தவர்களுக்கு 'நானோஸ்வார்ம்' என்ற அடுத்த விளையாட்டும் காத்திருந்தது.

இவற்றின் சூட்சுமம் கதையில் மட்டும் இல்லை. அமர்வு முடியும்போது குழந்தை தன் நிஜ வாழ்க்கைக்கு ஓர் இலக்கு வைத்துக்கொள்கிறது. நாளைக்கு எந்தக் காயை, எந்த வேளையில் சாப்பிடப் போகிறோம், வீட்டில் அது இல்லையென்றால் என்ன செய்வது என்பதுவரை யோசித்துவிட வேண்டும். அடுத்த முறை ஆட வரும்போது, சொன்னபடி நடந்ததா என்று விளையாட்டு கேட்கும். கதை ஆர்வத்தைப் பிடித்துவைக்கிறது. இலக்கு சாப்பாட்டு மேசைக்கு வருகிறது.

டயாப், நானோஸ்வார்ம் இரண்டையும் வைத்து நடந்து 2011-இல் வெளியான ஆய்வில் 10 முதல் 12 வயதுள்ள 133 குழந்தைகள் முழுமையாகப் பங்கேற்றார்கள். விளையாடியவர்கள் நாளொன்றுக்கு 0.67 பங்கு காய்கனி கூடுதலாக உண்டார்கள். தண்ணீர் குடிக்கும் அளவு மாறவில்லை. ஓடியாடுவதும் கூடவில்லை, உடல் எடைக் கணக்கிலும் மாற்றமில்லை. பெரும் உழைப்புக்கு இது சிறிய பலன்தான். ஆனாலும் காய்கறியைக் கண்டாலே முகம் சுளிக்கும் வயதில் இந்த அளவு மாற்றம் அற்பமானதல்ல.

இந்தியாவில் இந்த வழியில் வந்த குறிப்பிடத்தக்க முயற்சி 'ஃபூயா'. சென்னைக் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த பார்கவ் ஸ்ரீ பிரகாஷ் தொடங்கிய ஃப்ரெண்ட்ஸ்லேர்ன் நிறுவனம் இதை மொபைலுக்காக உருவாக்கியது. எது நல்ல உணவு என்று இதில் யாரும் பாடம் நடத்துவதில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போதே உணவுக்கும் உடம்புக்கும் உள்ள உறவு மனதில் படியும்படி அமைத்திருக்கிறார்கள். 10, 11 வயதுக் குழந்தைகள் 104 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் இருபது நிமிடம் வீதம் இரண்டு அமர்வுகள் ஃபூயா ஆடக் கொடுத்தார்கள். ஆடி முடித்த கையோடு தின்பண்டங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஃபூயா ஆடியவர்கள் நல்ல பண்டங்களை அதிகமாக எடுத்தார்கள். இந்த ஆய்வு 2020-இல் வெளியானது. உடனடித் தேர்வைத்தான் இது அளந்தது. மாதக்கணக்கில் நீடிக்கும் பழக்கத்தை அல்ல.

இதே கருவியை எதிர்த்திசையிலும் திருப்ப முடியும். தின்பண்ட நிறுவனங்கள் தங்கள் பண்டத்தை வைத்தே விளம்பர விளையாட்டுகளை வெளியிடுகின்றன. நெதர்லாந்தில் 8 முதல் 10 வயதுக் குழந்தைகள் 270 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, உணவு விளம்பர விளையாட்டை ஆடியவர்கள் அதன்பின் கூடுதலாகத் தின்றதைக் காட்டியது. பழத்தை விளம்பரப்படுத்திய விளையாட்டை ஆடியவர்களும் கூடுதலாகத்தான் தின்றார்கள். ஆனால் பழத்தை அல்ல. திரையில் வெறுமனே ஆப்பிளைக் காட்டினால் பசி கிளம்பும், பழப் பழக்கம் வராது. இலக்கும் யோசனையும் இல்லாமல் காய்கனிப் படங்களை அள்ளித் தெளித்துவிட்டு 'கல்வி விளையாட்டு' என்று பெயர் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியக் குழந்தைகளுக்கு இந்தத் துணை வேண்டியதுதான் என்பதைக் கணக்குகளே காட்டுகின்றன. 2016-18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 10 முதல் 19 வயதினரில் 24 சதவீதம் பேர் மெலிந்தவர்கள். 10 சதவீதம் பேர் நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள். 'அதைத் தின்னாதே' என்று மட்டும் சொல்லும் விளையாட்டு நமக்குப் பாதிதான் பொருந்தும். எதைக் கூடுதலாகத் தின்ன வேண்டும் என்பதும் இங்கே அதே அளவு முக்கியம்.

நம் ஊர்களின் நிலைக்கு மைசூர் ஓர் எடுத்துக்காட்டு; உணவும் விளையாட்டும் ஒருசேர வேரூன்றிய ஊர் அது. மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950 முதல் இங்கே செலுவாம்பா மாளிகையில் இயங்குகிறது. பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் புதுப்புதுப் பலகை விளையாட்டுகளையும் சீட்டாட்டங்களையும் வகுத்தவர். இவ்வளவு இருந்தும், இந்த ஊர்ப் பிள்ளைகளின் உணவை வைத்துப் பரவலாக அறியப்பட்ட ஒரு சாகச விளையாட்டு இன்னும் வரவில்லை.

நகரின் நான்கு கட்டங்களாக விரிந்த விஜயநகர் குடியிருப்பை எடுத்துக்கொள்ளலாம்.  இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரிந்த மாலைத் தீனி சுருமுரி, மசாலா பூரி, செக்கச்செவேல் என்ற கோபி மஞ்சூரி. அந்தச் சிவப்புக்காகச் சேர்த்த செயற்கைச் சாயத்தைக் கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடைசெய்தது. வீட்டில் ராகி முத்தை, கீரைச் சாறு, மொச்சை. பக்கத்து நஞ்சன்கூட்டின் பெயரைத் தாங்கிய ரசபாளை வாழைப்பழம். டீஜேயின் உலகில் இவற்றில் ஒன்றுமில்லை. புராக்கோலியை வென்றெடுத்த குழந்தை வீட்டுத் தட்டில் கீரையைப் பார்க்கும்போது, வென்ற பொருளும் தின்ன வேண்டிய பொருளும் வேறாக நிற்கின்றன. உள்ளூர் உணவு, உள்ளூர்ப் பேச்சு, கோபி வண்டிக்கு முன்னால் நிற்கும் அந்த நிமிடத்துத் தடுமாற்றம் இவையெல்லாம் விளையாட்டுக்குள் வந்தால்தான் பலன் தட்டுக்கு வரும்.

திரை நேரத்தையும் மறந்துவிடக் கூடாது. 2 முதல் 5 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரம், 5 முதல் 10 வயதுவரை இரண்டு மணி நேரத்துக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. சாப்பாட்டைச் சொல்லித்தரும் விளையாட்டும் இந்தக் கணக்குக்குள்தான் வர வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விளையாட்டை டவுன்லோடு செய்து கையில் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், பிள்ளை அன்றைக்கு எந்தக் காயை இலக்காக வைத்தது என்று கேளுங்கள். மறுநாள் அந்தக் காயை வாங்கிச் சமைத்துத் தட்டில் வையுங்கள்.